சுவரைத் தாண்டினால் அவுட்

அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடு ஸ்டம்பருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். மறுமுனையை இழுத்துக்கொண்டு எங்கள் கிரிக்கெட் சங்கத்து இன்ஜினியர் கிழக்கே நடந்து போனார். சுவர் வந்தது, நின்றார்.

"நாப்பத்தாறு கெஜம் சார்!"

"இன்னொரு தடவை பாருங்க."

"நாப்பத்தாறுதான் சார். செங்கல்ல ஒட்டி வெச்சே பார்த்துட்டேன்."

விதிப்படி ஐம்பத்தைந்து இருக்க வேண்டும். ஒன்பது கெஜம் குறைகிறது. எனக்கு முட்டி வலித்தது. எழுந்திருக்கவும் மனமில்லை, ஏனென்றால் முதுகுக்குப் பின்னால் பாஸ்கர் ஃபிளாஸ்க்கும் மூன்று கண்ணாடித் தம்ளருமாக நின்றுகொண்டிருந்தான்.

பாஸ்கர் அந்த மைதானத்துக் கிளப்பின் செயலாளர். பிட்ச்சுக்குத் தண்ணீர் விடுவதும், ரோலர் இழுப்பதும், கோடு போடுவதும் அவன்தான். ஊர் திருவொற்றியூர். நான் பேட் பிடிக்கக் கற்ற இடமும் அதுதான். அன்றைக்கு நான் அங்கே போனது பழைய ஆட்டக்காரனாக அல்ல, சங்கத்தின் மைதானக் குழுத் தலைவனாக. நாடாவோடு போனேன்.

அதே கேள்வி

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைக் கேட்கின்றன. வயதானவர்கள் கோபமாகவும், இளைஞர்கள் கிண்டலாகவும் கேட்கிறார்கள். போன வாரம் மணலியிலிருந்து ஒரு அம்மையார் ஒரே வரியில் கேட்டிருந்தார்: "அந்தக் கடைசிப் பந்தை ஏன் ஐயா தூக்கி அடிக்கவில்லை?"

இத்தனை வருஷமாக நான் சொல்லிவந்த பதில், பந்து தாழ்வாக வந்தது என்பது. அது பொய். பந்து இடுப்புயரத்தில், தரையில் படாமல், லெக் சைடில், தாம்பாளத்தில் வைத்து நீட்டியது போல வந்தது. உண்மையான பதிலை இந்த வாரம் எழுதிவிடுகிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தெற்கு முனை

எங்கள் அப்பாவுக்கு டோல்கேட் பக்கம் மளிகை மொத்த வியாபாரம். சாத்தான்குளத்திலிருந்து வந்து கடை போட்டவர். வீட்டுக்குள் தென்பாண்டித் தமிழ், வாசலைத் தாண்டினால் மெட்ராஸ் பாஷை. இரண்டும் எனக்குச் சரளம், இரண்டிலும் திட்டு வாங்கியிருக்கிறேன். கடையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தும்மல்தான். அதற்குப் பயந்தே சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்குப் போய்விடுவேன்.

மைதானம் என்றால் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கறுப்பு மண், நடுவில் கயிற்றுப் பாய் விரித்த பிட்ச். கிழக்கே ஒரு இரசாயனத் தொழிற்சாலையின் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர் அறை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் நாக்கில் காசு வைத்தது போல ஒரு ருசி. அந்த ருசி வந்தால் மணி நாலு என்று கணக்கு.

ஸ்டம்ப் ஒரு செட்தான் இருந்தது. அதை வடக்கே நட்டுவிட்டதால் பந்துவீச்சு எப்போதும் தெற்கு முனையிலிருந்துதான். வலது கைக்காரன் நின்றால் அவன் லெக் சைடு முழுக்க அந்தச் சுவர்.

சட்டம் ஒன்றே ஒன்று. சுவரைத் தாண்டினால் அவுட். அவுட் மட்டுமல்ல, அடுத்த ஞாயிறும் பேட்டிங் கிடையாது. காரணம், தொழிற்சாலை வாட்ச்மேன் உள்ளே விழுகிற பந்தையெல்லாம் எடுத்துப் பாய்லரில் போட்டுவிடுகிறார். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. யாரும் போய்க் கேட்டதில்லை. அவர் மீசை அப்படி.

வாரத்துக்கு ஒருமுறை, பத்து நிமிஷம் கிடைக்கும் பேட்டிங். அதற்காகவே மீதி ஆறு நாளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது. அதில் இரண்டு ஞாயிறு போய்விட்டால் என்ன ஆகும்? சட்டம் வந்த பிறகு ஒரே ஒருமுறை தாண்டி அடித்தேன். பதினைந்து நாள் வெறும் பந்து பொறுக்கினேன். அதற்குப் பிறகு என் கை அந்தப் பக்கம் பந்தைத் தூக்கவே இல்லை.

பாஸ்கர் ஆஃப் ஸ்பின் போடுவான். அப்போதே எங்களைவிட ஒரு சாண் உயரம். வேண்டுமென்றே உயரத் தூக்கி, காலருகே திரும்புகிற மாதிரி போடுவான். 'வா, அடி, அதோ சுவர்' என்று கூப்பிடுகிற பந்து. ஆசைப்பட்டவன் எல்லாம் போனான். நான் மட்டும் மணிக்கட்டைத் திருப்பிப் பந்தைத் தரையோடு தட்டிவிடுவேன். சுவரில் மோதித் திரும்பிவரும்.

"இன்னா மாமு, பயமா?" என்பான் ஒவ்வொரு தடவையும்.

பயம்தான். பேப்பர்காரர்கள் பிற்காலத்தில் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். மணிக்கட்டு மாயம் என்று எழுதினார்கள். வெளிநாட்டு வர்ணனையாளர் ஒருவர், கீழை நாட்டு நளினம் என்றார். நானும் தலையாட்டிக்கொண்டேன். புகழ்கிறபோது காரணத்தைத் திருத்த எவனுக்குத் தோன்றும்?

நாலு

லீக்கில் ஆடி, மாநிலத்துக்கு ஆடி, நாட்டுக்கும் சில வருஷம் ஆடினேன். அந்தக் கதையெல்லாம் முந்தைய வாரங்களில் எழுதியாகிவிட்டது. நேராகச் சிக்ஸர் அடித்திருக்கிறேன், ஆஃப் சைடில் அடித்திருக்கிறேன். லெக் சைடில் ஒன்றுகூட இல்லை. இதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் நாலுநாலாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வெளிநாட்டு ஆட்டம். கடைசிப் பந்து, ஆறு வேண்டும். ஐந்து என்றால் சமன். எதிரே அவர்களுடைய வேகப்பந்துக்காரன் காலடியில் யார்க்கர் போட நினைத்துப் பந்தைக் கை நழுவவிட்டான். நான் சொன்னேனே, தாம்பாளம்.

பந்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. அவசரமே இல்லை. லெக் சைடில் ஆளில்லை, எல்லைக் கயிறும் பக்கம். என் மணிக்கட்டு திரும்பியது. பந்து புல்லை உரசிக்கொண்டு போய்க் கயிற்றைத் தொட்டது. அழகான அடி. எதிரணிக்காரர்களே கைதட்டினார்கள். நான் பேட்டைத் தூக்கியபடி சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்புத்தான் மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது.

நாலு. ஒரு ரன்னில் தோற்றோம்.

சிரித்துக்கொண்டு நின்ற அந்த ஒன்றிரண்டு விநாடியில் எனக்கு மனதில் இருந்தது ஒன்றுதான்: 'அப்பாடா, தாண்டவில்லை.' எதைத் தாண்டவில்லை என்பது உறைத்தபோது மறுமுனை பேட்ஸ்மேன் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பி வந்தேன். அப்பா கடையில் வெல்ல மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். கோணியூசியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"ஏல, ஆறுதான வேணும்?"

"ஆமாப்பா."

"நாலு அடிச்சிட்டு என்னத்துக்குல சிரிச்ச?"

அதற்குமேல் ஆயுசு முழுக்க அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. தேர்வுக் குழுவும் பேசவில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

மேஜைக்கு இந்தப் பக்கம்

ஆட்டம் முடிந்தவர்கள் வர்ணனைக்குப் போவார்கள், பயிற்சிக்குப் போவார்கள். நான் சங்க நிர்வாகத்துக்கு வந்தேன். எனக்குப் பேசத் தெரியாது, கற்றுக்கொடுக்கப் பொறுமை கிடையாது. விதிப் புத்தகம் படிப்பதில் மட்டும் ஒரு சுகம் உண்டு. கூட்டத்தில் எல்லோரும் முந்திரி பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் பதினான்காம் பிரிவின் மூன்றாம் துணைப்பிரிவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் என்னை யாருக்கும் பிடிக்காது. ஆனால் எல்லாக் குழுவிலும் போட்டுவிடுவார்கள்.

மைதானங்களை அளக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் நானும் ஒருவன். குறுகிய மைதானத்தில் அடித்த சதத்தை வைத்துக்கொண்டு ஆட்கள் மேலே வந்துவிடுகிறார்கள் என்று புகார். ஐம்பத்தைந்து கெஜம் இல்லாத இடத்தில் லீக் ஆட்டம் கிடையாது என்று தீர்மானம் போட்டோம். தீர்மானத்தின் வாசகம் என்னுடையது. சொந்த மைதானம் இல்லாத கிளப் லீக்கில் இருக்க முடியாது என்ற பழைய விதி ஏற்கெனவே இருந்தது.

பாஸ்கருடைய கிளப்பில் அப்போது இருந்த பையன்களெல்லாம் ஒர்க் ஷாப்பிலும் கன்டெய்னர் யார்டிலும் தினக்கூலிக்குப் போகிறவர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு மனுப் போட வேண்டுமானால் லீக் ஸ்கோர் தாள் வேண்டும், சங்கத்து முத்திரையோடு. தெருவில் எத்தனை சதம் அடித்தாலும் அது கதை. பாஸ்கரே அப்படித்தான் துறைமுகத்தில் கிளார்க் ஆனான். அந்த வருஷம் மூன்று பையன்கள் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

சுவர் ஓரம்

இன்ஜினியர் மற்ற பக்கங்களை அளக்கப் போனதும் பாஸ்கர் என் தோளில் கைவைத்துச் சுவர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். தொழிற்சாலையை மூடி, கட்டடங்களை இடித்து ரொம்ப நாளாகிவிட்டது. சுவர் மட்டும் அப்படியே இருந்தது.

"ஐம்பத்தஞ்சுன்னு எயுதிடு தேவா."

"எழுத முடியாதுடா."

"யாரு வந்து பாக்கப் போறான்? மூணு பசங்க பொயப்பு கீது இதுல. சின்னவன் வூட்ல அவன் ஒருத்தன் சம்பாத்தியந்தான்."

"தெரியுது. அதுக்காக ஒன்பது கெஜத்தை நான் எங்கேர்ந்து கொண்டு வர?"

"பெரிய ஆபீசர் ஆயிட்டே, நடத்து!" என்றான். "நாங்க இன்னா உனுக்குக் கெடுதல் பண்ணோம்?"

அதில்தான் எனக்குச் சுருக்கென்றது. யாரிடமும் சொல்லாததை அவனிடம் கொட்டிவிட்டேன். "என்ன கெடுதலா? இந்தச் சுவர்னாலதாண்டா நான் அன்னிக்கு நாலு அடிச்சேன். ஆறு வேணும்னு தெரிஞ்சும் கை தூக்கல. உலகமே சிரிச்சுதேடா! இந்தச் சுவருக்காக நான் பொய்க் கையெழுத்து வேற போடணுமா?"

அவன் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்," என்றான். "டீக்கடை டிவில பாத்துகினு இருந்தேன். பாலு வந்ததுமே தெரிஞ்சிச்சி, நீ தூக்க மாட்டேன்னு. அல்லாரும் உன்ன திட்டுனானுங்க. நான் டீய அப்டியே வெச்சிட்டு வூட்டுக்குப் பூட்டேன்."

ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்தான்.

"செவுர ஏன் திட்ற? செவுரு இன்னா பண்ணுச்சி? ரூலு போட்டது நானு."

"வாட்ச்மேன் பந்தைப் பாய்லர்ல போட்டாருன்னுதானே போட்டோம்?"

"ஒரு பாலும் போட்ல. அவரு என் மாமன். அம்மாகூடப் பொறந்தவரு. உள்ள வுயுந்த பாலெல்லாம் சாயங்காலம் வூட்டாண்ட கொணாந்து குடுத்துடுவாரு. கட்டிலுக்கு அடில ஒரு கோணி நெறைய வெச்சிருந்தேன். அத்த வெச்சுத்தான் தெனம் விடியக்காலைல தனியா போட்டுப் பயகுனேன்."

"எதுக்குடா?"

"நீங்கல்லாம் என்னத் தூக்கித் தூக்கி அடிச்சீங்க. எனுக்குத் தாங்கல. அதான் பாய்லருன்னு ஒரு கத உட்டேன்."

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. என் வாழ்க்கையின் ஒரு நாளைப் பன்னிரண்டு வயதுப் பொறாமை ஒன்று தின்றுவிட்டிருக்கிறது, அவன் டீ ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

"இத்த இன்னிக்கிப் போயி ஏண்டா சொல்ற? என் கையெழுத்து வேணும்ங்கற நாள்ல?"

"நீ கேட்ட. சொன்னேன்."

டீயைக் குடிக்காமல் காரில் ஏறினேன். இன்ஜினியர் மட்டும் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு வந்தார்.

சுவரைப் போட்டவன்

அறிக்கையை ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். கடைசியில் இரண்டு கட்டம்: தகுதி உண்டு, தகுதி இல்லை. முதல் நாளே 'இல்லை'யில் டிக் போட்டேன். அதில் நியாயமும் இருந்தது, பழிவாங்குகிற திருப்தியும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. கையெழுத்துப் போட மட்டும் மறுநாள், மறுநாள் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

நான்காம் நாள் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். மைதானத்தைக் காப்பாற்றப் போனதாக எழுத ஆசைதான். உண்மையில் கோபத்தில்தான் போனேன். சட்டம் போட்டவன் யாரென்று தெரிந்துவிட்டது, சுவர் போட்டவன் யாரென்றும் தெரிய வேண்டும் போலிருந்தது.

சர்வேயர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "சார், தப்பா நெனைக்காதீங்க, அந்தக் கடைசி பால்..." என்று ஆரம்பித்தார். பந்து தாழ்வாக வந்தது என்றேன். பழைய வரைபடத்தை மேஜையில் விரித்தார். ஓரமெல்லாம் பொடிந்து, கரப்பான் வாடை.

விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனவர் நின்றார். "சார், உங்க கிரவுண்டு செவுரோட முடியலையே."

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் பன்னிரண்டு கெஜம் மைதானத்துடைய நிலம். லாரி திரும்ப இடம் வேண்டும் என்று தொழிற்சாலைக்காரர்கள் என்றைக்கோ மைதானத்துக்குள் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை. நாங்கள் தாண்டக் கூடாது என்று பயந்து நடுங்கிய இடம் எங்களுடையதேதான்.

அலுவலக வாசலில் நின்று கொஞ்ச நேரம் வருகிற போகிற ஷேர் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு காரிலேயே உட்கார்ந்து டிக்கை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்: தற்போது தகுதி இல்லை, ஆக்கிரமிப்புச் சுவர் அகற்றப்பட்டால் உண்டு, ஒரு சீசன் அவகாசம் தரலாம், அதுவரை லீக் இடம் பறிக்கப்படக் கூடாது. அதற்கு இடம் தருகிற துணைப்பிரிவு ஒன்று உண்டு. என்னைத் தவிர யாரும் அதைப் படித்ததில்லை.

கூட்டத்தில் ஒருவர், "நீங்க ஆடின கிரவுண்டுன்னு சலுகை காட்டறீங்க," என்றார்.

"அந்த கிரவுண்டு எனக்குக் காட்டின சலுகை உங்களுக்குத் தெரியாது," என்றேன். அவர் பிஸ்கட் பக்கம் திரும்பிவிட்டார். அறிக்கை அப்படியே நிறைவேறியது.

பாஸ்கரிடம் போனில் இரண்டே வார்த்தை. "சுவர் போகுது."

"நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

கிழக்கே

அந்த இடத்தை அப்போது வாங்கியிருந்த கிடங்குக்காரர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வம்பு செய்யவில்லை. பொக்லைன் வந்தது. இரண்டு நாளில் சுவர் போய்விட்டது. மறுபடி அளந்தபோது ஐம்பத்தெட்டு. நான் நாடாவைத் தொடவில்லை, இன்ஜினியரையே இரண்டு முனையும் பார்க்கச் சொன்னேன்.

சுவர் போன பிறகு அங்கே நடந்த முதல் லீக் ஆட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். காலையிலேயே போய்விட்டேன். கிழக்கே பார்த்தால் எனக்கு ஊரே அடையாளம் தெரியவில்லை. சீமைக்கருவேலம் முளைத்த வெறும் நிலம், அதற்கப்பால் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள், லாரிகளின் இடுக்கில் ஒரு கோடாகக் கடல். இத்தனை வருஷம் அங்கே கடல் தெரியும் என்றே எனக்குத் தெரியாது.

பாஸ்கர் ஒரு பேட்டைக் கொண்டுவந்து என் கையில் திணித்தான்.

"டாஸுக்கு டைம் கீது. ஒரே ஒரு பாலு."

"போடா, முட்டி வலிக்குது."

"ஓட வாணாம். தூக்குனா போதும்."

வடக்கு முனையில் நின்றேன். பையன்கள் ஓரமாக வந்து கூடினார்கள். பாஸ்கரால் தோளுக்கு மேல் கையைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் அதே பந்துதான் வந்தது. உயரமாக, மெதுவாக, காலருகே திரும்பியது. அவன் ஆயுசில் எனக்குப் போட்ட பந்துகளிலேயே நல்லெண்ணத்தோடு போட்டது அது ஒன்றுதான்.

எதிரே ஒன்றுமில்லை. கடல் வரை ஒன்றுமே இல்லை. நான் தூக்கத்தான் நினைத்தேன்.

பந்து தரையோடு போனது. சுவர் இருந்த இடத்தில் மிச்சமிருந்த செங்கல் பொடியைக் கிளப்பிக்கொண்டு புதுக் கயிற்றைத் தொட்டது. பையன்கள் "ஷாட்!" என்று கைதட்டினார்கள்.

"இன்னொண்ணு போடு," என்றேன்.

போட்டான். தரையோடு போனது. இன்னொன்றும் போட்டான். பையன்கள் கைதட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு பந்தையும் போன பந்தைவிட மெதுவாக, வாகாக, ஒரு கிழவனுக்கு ஊட்டுகிற மாதிரி போட்டுக்கொண்டே இருந்தான். பத்துப் பந்தும் நாலுதான்.

பதினொன்றாவது பந்தை அவன் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு பிட்ச் நடுவில் வந்து நின்றான். அழுதிருந்தான்.

"போதும் தேவா," என்றான். "என்னால பாக்க முடில."

பேட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். பக்கத்து மேஜையில் ஸ்கோரர், தாள் காற்றில் பறக்காமலிருக்க ஒரு உடைந்த செங்கல்லை மேலே வைத்துவிட்டு, பையன்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதத் தொடங்கியிருந்தார்.